தொடாமல் அறிதல்

ஒன்றை முழுதாக அறிந்துகொள்ளும் ஆசை எந்த இடத்தில் அதைக் கைப்பற்றும் ஆசையாக மாறுகிறது? பறவைகளைப் பார்ப்பதிலும் வரைவதிலும் சிறுவயதிலேயே மனதைப் பறிகொடுத்த இருவரை வைத்து இதை யோசிக்கலாம்.

ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் 1785இல் இன்றைய ஹெய்ட்டியில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, 18 வயதில் அமெரிக்கா வந்தவர். 'அமெரிக்கப் பறவைகள்' என்ற அவருடைய பெருநூலில் 435 ஓவியங்கள் உண்டு. பறவைகள் அவற்றில் உயிரோடு இருப்பவை போலவே தோன்றும். ஆனால் சுட்டு வீழ்த்திய பறவையைக் கம்பிகளால் பலகையில் பொருத்தி நிறுத்தித்தான் அவர் வரைந்தார். நல்ல பைனாகுலர் இல்லாத காலம் அது. பறவையை அருகில் பார்க்கத் துப்பாக்கியே வழி என்று அன்று பலரும் நம்பினார்கள்.

ரோஜர் டோரி பீட்டர்சன் 1908இல் நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் நகரில் பிறந்தார். தந்தை சுவீடனிலிருந்து குடியேறியவர். பள்ளியில் அவர் சேர்ந்த சிறுவர் பறவைக் கழகம் ஓடுபனின் பெயரையே தாங்கியிருந்தது. 11 வயதில் ஒருநாள், மரத்தோடு ஒட்டிக்கிடந்த பழுப்பு இறகுக் குவியலொன்றைக் கண்டார். இறந்த மரங்கொத்தி என்று நினைத்து விரலால் தொட்டார். களைத்து உறங்கிக்கொண்டிருந்த அந்தப் பறவை பொன்னிறச் சிறகுகளை விரித்துப் பறந்துபோனது. அவரை ஆயுள் முழுதும் பறவைகளோடு கட்டிப்போட்டது அந்தக் கணம்தான்.

1934இல் அவருடைய கையேடு வெளிவந்தது. ஒவ்வொரு பறவையையும் தூரத்திலிருந்தே இனங்காண உதவும் அடையாளத்தைச் சிறு கோடுகள் சுட்டிக்காட்டின. இனி யாரும் ஒரு பறவையின் பெயரை அறிய அதைக் கொல்ல வேண்டியதில்லை.

இத்துடன் முடித்தால் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழு உண்மையாகாது. நுணுக்கங்களைச் சரிபார்க்க, அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட பறவைத் தோல்களைப் பீட்டர்சனும் பயன்படுத்தினார். அவற்றில் பெரும்பாலானவை ஒருகாலத்தில் சுடப்பட்ட பறவைகள். அவருடைய மென்மையான பார்வைக்கும் பழைய கொலைகளே அடித்தளம்.

அதனால் அந்தப் பார்வை பொய்யாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. களங்கமே இல்லாத அறிவு நம்மில் யாருக்கும் வாய்க்கவில்லை. படித்த மொழியும் வாழும் நிலமும் எத்தனையோ பேரின் இழப்பைக் கடந்துதான் நம் கைக்கு வந்தன. எனவே அறிவை அதன் பிறப்பை மட்டும் வைத்து எடைபோட முடியாது. பின்னால் வருபவர்களுக்கு அது எந்தக் கொடுமையைத் தேவையற்றதாக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பீட்டர்சனின் கடன் அந்த வகையில்தான் தீர்ந்தது.

பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுக்கும்போது பறந்துபோன மரங்கொத்தியைப் பற்றிச் சொல்வோம். அருங்காட்சியக இழுப்பறையில் கிடக்கும் பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.