தோட்டக்காரர் பாடிய பாட்டு

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது. எம்.ஏ. தமிழில் எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வாய்மொழியாக வருவது, ஊரே சேர்ந்து ஆக்கியது, பெயரற்றது. பெயர் அற்றுப் போனதா, அழிக்கப்பட்டதா, யாரும் கேட்கவே இல்லையா என்பது பாடத்திட்டத்தில் இல்லை. இந்த வரையறை நம்ம மண்ணில் முளைத்ததும் அல்ல. ஐரோப்பியப் படிப்பாளிகள் தங்கள் நாட்டு உழைக்கும் சனங்களைப் பார்த்து உண்டாக்கியது. ஆகவே அவர்கள் பாட்டு ஒன்றையே எடுத்துக்கொண்டு இதைப் பேசலாம்.

‘தி சீட்ஸ் ஆஃப் லவ்’, காதலின் விதைகள். இங்கிலாந்தின் பழைய பாட்டு. ஒரு பெண் வசந்தத்தில் காதல் விதைகளை விதைக்கிறாள். பக்கத்தில் நிற்கிற தோட்டக்காரனிடம் தனக்கொரு பூ தேர்ந்து தரச் சொல்கிறாள். அவன் வயலட், லில்லி, பிங்க் என்று மூன்று பூவைக் காட்டுகிறான். மூன்றும் வேண்டாம் என்கிறாள். ஜூன் மாதச் சிவப்பு ரோஜாவுக்குக் காத்திருக்கிறாள். ரோஜாவுக்கு நீட்டிய கையில் கடைசியாகக் கிடைப்பது வில்லோ மரம். அந்த ஊர் மரபில் வில்லோ, கைவிடப்பட்டவர்களின் மரம்.

1903ஆம் வருசம். சாமர்செட் மாவட்டத்து ஹாம்பிரிட்ஜ் கிராமம். லண்டன் இசை ஆசிரியர் செசில் ஷார்ப், அவ்வூர்ப் பாதிரியார் சார்லஸ் மார்சன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார். வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் வேலையோடு வேலையாக இந்தப் பாட்டைப் பாடுகிறார். அவர் பெயர் ஜான் இங்கிலாந்து. ஷார்ப் உடனே மெட்டைக் குறித்துக்கொண்டார். பியானோ இசை சேர்த்து, அன்று மாலையே தேவாலயப் பாடகர் குழு விருந்தில் மேட்டி கே என்ற பாடகியைப் பாடவைத்தார். பாட்டு இன்றைக்குத்தான் முதல்முறையாக விருந்துடுப்பு போட்டிருக்கிறது என்றாராம் கேட்டவர்களில் ஒருவர். ஜான் இங்கிலாந்துக்கும் பெருமைதான். ஆனால் அந்த உடுப்பு அவருக்கு ஒப்பவில்லை; அவருடைய பாட்டில் பியானோ ஏது? 1933இல் வெளிவந்த ஷார்ப்பின் வாழ்க்கை வரலாறு தரும் செய்தி இது.

பாட்டைப் பற்றி அவர் சொன்னதாக அதில் இருப்பது அவ்வளவுதான். பாட்டுக்கு என்ன அர்த்தம், யாரிடம் கற்றார், எப்போது பாடுவார், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு தோட்டக்காரர், தோட்டக்காரனின் யோசனையை ஒரு பெண் தள்ளிவிடும் பாட்டை, அந்தப் பெண்ணாகவே நின்று பாடுகிறார். கேட்க எவ்வளவு இருந்தது!

சரி, எழுதியது யார்? லங்காஷயரின் ஹாபர்காம் குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தரைக் காட்டுகிறார்கள். திருமதி ஃபிளீட்வுட் ஹாபர்காம், 1703இல் இறந்தவர். கணவனின் ஊதாரித்தனத்தாலும் ஒழுக்கக்கேட்டாலும் நொந்துபோய்ப் பாட்டுக் கட்டினாராம். இதற்கு ஆதாரம், அவர் இறந்து நூறு வருசம் கழித்து விட்டேக்கர் என்ற பாதிரியார் எழுதிய வட்டார வரலாறு. உண்மையாகவும் இருக்கலாம். சீமாட்டியின் துயரமும் துயரம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். எழுதியவரைத் தேடும்போது மாளிகையில் ஒரு பெயர் அகப்படுகிறது. பாடியவர்களிடம் வரும்போது ‘மக்கள்’ என்று மொத்தமாகிவிடுகிறது.

அந்த ‘மக்கள்’ யார்? வில்லியம் சாப்பெல் 1850களில் பழைய ஆங்கில இசையைத் தொகுத்தவர். வீட்டு வேலைக்காரப் பெண்கள் மிக விரும்பிப் பாடும் மூன்று பாட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார். பாத்திரம் துலக்கி, அடுப்புக் கரி அள்ளி, மாடியறையில் தூங்கும் பெண்கள். அவர்கள் வாயில் இந்த ரோஜா என்னவாக இருந்திருக்கும்?

அந்தக் காலத்துச் சட்டத்தைப் பார்த்தால் தெரியும். 1834ஆம் வருச ஏழைகள் சட்டத் திருத்தம், மணமாகாமல் பிறந்த குழந்தையின் பாரத்தை முழுக்கத் தாய் தலையில் கட்டியது. தகப்பனைக் கோர்ட்டுக்கு இழுக்கத் தாய்க்கு வழியில்லை. 1844இல்தான் அது கொஞ்சம் தளர்ந்தது. வேலைக்காரப் பெண் கர்ப்பமானால் வேலை போகும். நன்னடத்தைச் சான்று இல்லாமல் அடுத்த வீட்டில் யாரும் சேர்க்கமாட்டார்கள். மிச்சம் இருப்பது ஏழை விடுதி. சீமாட்டிக்கு ரோஜாவின் முள் மனசில் குத்தியது. இவர்களுக்குச் சோற்றில் குத்தியது. சொல் ஒன்றுதான், பாடுகிறவள் கொடுக்கிற விலை வேறு. ஒரு பாட்டின் அர்த்தத்தை, அதை முதலில் கட்டியவர் தீர்த்துவைப்பதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். யார் வாழ்க்கை அந்தச் சொல்லுக்கு விலை கொடுக்கிறதோ, அவர்களும் அதன் ஆசிரியர்கள்.

ஷார்ப்பும் பாதி தூரம் இங்கே வந்தவர்தான். 1907இல் எழுதிய நூலில் தொடர்ச்சி, மாறுதல், தேர்வு என்று மூன்று விதிகளைச் சொன்னார். தொடங்கியது தனி ஆளாக இருக்கலாம், உருவாக்கியது சமூகம் என்றார். நல்ல கொள்கை. ஆனால் அவர் சொன்ன சமூகம், முறையான படிப்பு தொடாத குடியானவர்கள். அவர்கள் பாடுவார்கள், பாட்டைப் பற்றி யோசிக்கிற வேலை ஷார்ப்பினுடையது. கூச்சமான சொற்களை அவரும் மார்சனும் திருத்தி அச்சிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தேசியப் பண்பாடாக அந்தப் பாட்டுகள் போய்ச் சேர்ந்தன. பெண்கள் பட்டது திருத்தத்தில் போயிற்று.

அவர் எழுதிவைக்காவிட்டால் பாட்டே அழிந்திருக்குமே என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏறக்குறைய 5000 மெட்டுகளைச் சேர்த்தவர். குறிப்பேட்டில் பாடியவர் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தவர். ஜான் இங்கிலாந்து என்ற பெயர் நமக்குக் கிடைப்பதே அதனால்தான். நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்வோம். ஆனா காப்பாத்துறது ஒண்ணு, மதிக்கிறது வேற. பொருளைக் காப்பாற்றினால் அது அருங்காட்சியகத்துக்குப் போகும். பாடியவரை மதித்தால், நீங்க என்ன நினைச்சுப் பாடுறீங்க என்று கேட்டு, பதிலையும் பாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதவேண்டியிருக்கும்.

இன்றைக்கு நம்மில் பலர் ஒலிப்பதிவுக் கருவியோடு சேரிக்கும் வயக்காட்டுக்கும் போகிறோம். நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு எல்லாம் பதிவாகிறது. நாமும் அந்தச் சேரியில் பிறந்தவங்கதானே, நமக்கு எதுக்கு இந்தக் கேள்வி என்று இருந்துவிட முடியாது. கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் அந்த நேரத்தில் ஷார்ப்தான். பாடி முடித்த அம்மாவிடம் பெயரைக் கேளுங்கள். யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். அந்தப் பாட்டு என்ன சொல்லுது என்றும் கேளுங்கள். அவர் சொல்கிற அர்த்தம் நம்ம கட்டுரைக்கு ஒத்துவராமல் போகலாம். அப்போது திருத்த வேண்டியது கட்டுரையை.