சூனியக்காரியின் காதலும் இறந்தோரின் மறுப்பும்

இறந்தவர் ஒருவரைக் கதைமாந்தராக்கும் எழுத்தாளனுக்கு அவர்பால் கடப்பாடு ஏதேனும் உண்டா? இறந்தவர் வழக்குத் தொடுக்கமாட்டார். மறுப்புக் கடிதம் எழுதவும் மாட்டார். ஆதலின் சட்டம் இவ்வினாவைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. சட்டம் கைவிட்ட இடத்திலேதான் அறம் தன் விசாரணையைத் தொடங்குகின்றது. அவ்விசாரணைக்கு ஏற்ற களமாக ஒரு நகரையும், அந்நகரின் பெயரைச் சூழ்ந்தெழுந்த காதல் நாவல்களையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

அந்நகர், ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள சேலம். தமிழ்நாட்டுச் சேலத்திற்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. இன்று சூனியக்காரியே இந்நகரின் அடையாளம். பொலிஸ் இலச்சினையில் அவள் துடைப்பத்தின்மீதமர்ந்து பறக்கின்றாள். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்றின் நாயகியான சூனியக்காரிக்கு 2005 இல் இங்கு வெண்கலச் சிலை நாட்டப்பட்டது. ஒக்ரோபர் மாதத்தில் உல்லாசப் பிரயாணிகள் கூர்நுனித் தொப்பியணிந்து வீதிகளை நிறைக்கின்றனர்.

இத்தகைய நகர் இயற்கையிறந்த காதல் நாவல்களுக்கு வாய்ப்பானதில் வியப்பில்லை. ஏட்றியானா மேதர் 2016 இல் வெளியிட்ட நாவலில், சேலத்துக்குக் குடிவரும் இளம்பெண்ணின் மனத்தை ஓர் இளைஞனின் ஆவி கவர்கின்றது. டெபோரா ஹார்க்னெஸ் 2011 இல் வெளியிட்ட நாவலின் தலைவி, சேலத்திலே தூக்கிலிடப்பட்ட பிறிஜெற் பிஷப்பின் வழித்தோன்றல்; குருதி குடிக்கும் காட்டேறி ஒருவனைக் காதலிப்பவள். கதை பெரும்பாலும் வேறிடங்களில் நிகழினும், அவளது மந்திர ஆற்றல் அம்மரபுவழி வந்த முதுசொம். இவ்வகை நாவல்களை இழித்துரைத்து ஒதுக்குவது எளிது. அவற்றுட் சிலவற்றை விடியுமட்டும் கண்விழித்து வாசித்தவன் நான்; ஆதலின் அவ்வாறு ஒதுக்கும் தகுதி எனக்கில்லை. அவை சுவையற்றவை என்பது என் குறையன்று. அவற்றின் அடித்தளத்திலே கிடக்கும் ஓர் எடுகோளே என்னை உறுத்துகின்றது. 1692 இல் சேலத்திலே சூனியக்காரிகள் இருந்தனர் என்பதே அவ்வெடுகோள்.

வரலாறு கூறுவது வேறு. அவ்வாண்டின் தொடக்கத்தில், இன்று டான்வேர்ஸ் எனப்படும் அன்றைய சேலம் கிராமத்திலே சிறுமியர் சிலர் வலிப்புற்றுப் பிதற்றலாயினர். தங்களை வதைப்போர் எனச் சிலரைச் சுட்டினர். அச்சமும் அயலவர் பகையும் சமயக் கடும்பற்றும் ஒன்றுகூட, 150க்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். எண்பது வயதளவினரான கைல்ஸ் கோரி, வழக்கு விசாரணைக்கு உடன்பட மறுத்தமையால் கற்பாரம் ஏற்றி அழுத்திக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐவர் சிறையிலே மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுரு வந்து தன்னை வதைத்தது என ஒருவர் கூறின், அக்கூற்றும் சான்றாகக் கொள்ளப்பட்டது. உடல் வேறிடத்தில் இருந்ததென நிறுவினும் பயனில்லை; வந்தது ஆவியன்றோ!

இவ்வழக்குகளிலே நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அவ்வாக்குமூலத்தில் நிலைத்து நின்றோர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ‘ஆம், நான் சூனியம் செய்தேன்’ என்பது உயிர்காக்கும் சொல்லாயிற்று. ‘இல்லை’ என்பது கொல்லும் சொல்லாயிற்று. சாமுவேல் வார்ட்வெல் என்பார் முதலில் ஒப்புக்கொண்டார். பின்னர் அது பொய் எனக் கூறி வாக்குமூலத்தை மீட்டுக்கொண்டார். செப்ரெம்பர் 22 ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் மாண்ட மேரி ஈஸ்ரி, தமது இறுதி விண்ணப்பத்திலே தம் உயிரை வேண்டவில்லை. குற்றமற்றோரின் குருதி இனியேனும் சிந்தப்படலாகாது என்றே வேண்டினார். ஆகவே இவர்கள் வெறுமனே கொல்லப்பட்டவர்கள் அல்லர். ஒரு பொய்யைக் கூறி உயிர்தப்பும் வழி திறந்திருக்க, அவ்வழியே செல்ல மறுத்தவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற உடைமை ‘இல்லை’ என்ற அந்த ஒரு சொல்லே.

பிறிஜெற் பிஷப் ஜூன் 10 ஆந் திகதி முதலாவதாகத் தூக்கிலிடப்பட்டவர். சூனியக்காரி என்பது யாதென்றே தாம் அறியார் என அவர் விசாரணையிற் கூறினார். அவ்வாறாயின் நீ சூனியக்காரி அல்லள் என்பதை எங்ஙனம் அறிவாய் என்று மடக்கினார் விசாரித்தவர். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அவரது வழித்தோன்றலைப் பிறவிச் சூனியக்காரியாக்கும் நாவல், அவ்வினாவுக்கு எவர் பக்கம் நின்று விடை கூறுகின்றது? நாவலாசிரியை அவரை இகழ நினைக்கவில்லை, உயர்த்தவே நினைத்தார். ஆயினும் அவ்வுயர்த்தலின் விலை, குற்றச்சாட்டை உண்மையென ஏற்றுக்கொள்வதாக முடிகின்றது. நீதிபதிகள் தண்டனையிலே தவறினர், தீர்ப்பிலே தவறவில்லை என்றாகிவிடுகின்றது.

இதற்கு மறுப்புகள் உள. முதலாவது, கற்பனையை எவரும் வரலாறாகக் கொள்வதில்லை என்பது. வாசகன் அத்துணைப் பேதையல்லன் என்பது மெய்யே. எனினும் சேலம் என்றதும் உலகின் மனத்தில் தோன்றுவது நிரபராதியின் முகமா, கூர்நுனித் தொப்பியா? இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. பெண்ணை இழிவுபடுத்தப் பயன்பட்ட ஒரு சொல்லைப் பெண்ணே கைப்பற்றி ஆற்றலின் பெயராக மாற்றுகின்றாள். அதை ஏன் தடுக்கவேண்டும் என்பர். வாழ்பவள் தனக்கெனத் தெரிந்துகொள்ளும் பெயர் அவளது உரிமை. ஆனால் அப்பெயரை ஏற்க மறுத்து உயிர்நீத்தவள்மீது அதனைச் சூட்டும் உரிமை எவருக்கும் இல்லை.

இச்சொல் எங்கும் விளையாட்டுப் பொருளாகிவிட்டது என்பதும் உண்மையன்று. இந்தியாவின் பீகார் மாநிலம் 1999 இலும், ஜார்க்கண்ட் 2001 இலும், பெண்களைச் சூனியக்காரிகள் எனச் சுட்டி வதைப்பதைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 2021 இல் இத்தகைய கொடுமைகள் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. ஓரிடத்திலே காதற்கதைக்கு அணியாகும் சொல், வேறோரிடத்திலே விதவையின் நிலத்தைப் பறிக்கும் ஆயுதமாகின்றது.

அவ்வாறாயின் சேலத்தைப் பற்றிக் காதற்கதையே எழுதலாகாதா? எழுதலாம் என்பதற்கு அந்நகரே ஒரு சான்று தந்துள்ளது. 1804 இல் அங்கு பிறந்த நதானியேல் ஹோதோர்ண், அவ்விசாரணைகளை நடத்தியோருள் ஒருவரான யோன் ஹதோர்ணின் வழிவந்தவர். 1851 இல் வெளியான ‘ஏழு முகட்டு வீடு’ என்னும் நாவலிலே, சூனியக் குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் வழித்தோன்றலும், அவனது நிலத்தைக் கவர்ந்த குடும்பத்துப் பெண்ணும் காதல் கொள்கின்றனர். அங்கும் மாயமுண்டு; முன்னோர்வழி வந்த வசிய ஆற்றல் இளைஞனிடம் உண்டு. அப்பெண் அவ்வாற்றலுக்கு வசப்படும் தறுவாயில் அவன் அதனைப் பயன்படுத்தாது விலகுகின்றான். அவனது காதலின் மெய்மை அவ்விலகலிலேதான் தெரிகின்றது. மேலும், ஹோதோர்ண் கொல்லப்பட்ட மெய்யான மனிதர் எவரது பெயரையும் அவ்வாற்றலுக்கு உடைமையாக்கவில்லை. பாத்திரத்தைத் தாமே படைத்துக்கொண்டார். தம் குலத்தின் பழியை அவர் மறக்கவும் இல்லை. அதனை அலங்காரமாக்கவும் இல்லை.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு இது: நகரைக் கடன் வாங்கலாம்; காலத்தைக் கடன் வாங்கலாம்; இல்லாத சூனியக்காரிகள் ஆயிரவரைப் படைக்கலாம். இருந்து மறுத்து இறந்தவரின் பெயரைக் கடன் வாங்கும்போது அவரது மறுப்பையும் சேர்த்தே வாங்கவேண்டும். தடைச்சட்டம் எதனையும் நான் வேண்டவில்லை. வாசிப்போரும் எழுதுவோரும் தம்முள்ளே கொள்ளவேண்டிய ஒரு கூச்சத்தையே வேண்டுகின்றேன்.

சேலத்திலே 1992 இல் அமைக்கப்பட்ட நினைவிடத்தில், இறந்த இருபதின்மருக்கும் இருபது கல்லிருக்கைகள் உள. நுழைவாயிலின் தரைக்கற்களிலே அவர்கள் தம் குற்றமின்மையைக் கூறிய மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாசகங்கள் முற்றுப்பெறுமுன்னரே மதிற்சுவர் குறுக்கிட்டு அவற்றைத் துண்டிக்கின்றது; அன்று நீதிமன்றம் செய்ததும் அதுவே. துண்டிக்கப்பட்ட அவ்வாக்கியத்தை முடித்துவைக்க எழுத்தாளனுக்கு உரிமையுண்டு. அதன் பொருளைத் தலைகீழாக்க உரிமையில்லை.