பிலிக்கு வந்தாளா, வந்தானா?

கிரேட் அந்தமானியப் பழங்குடிகளுக்கு வடகிழக்குப் பருவக்காற்று ஒரு தெய்வம். வடக்கே அதற்குப் பிலிக்கு என்று பெயர், தெற்கே புலுகா. தேன்மெழுகை உருக்கினாலும், சில்வண்டு பாடும் நேரத்தில் சத்தம் போட்டாலும், தோண்டக்கூடாத பருவத்தில் கிழங்கைத் தோண்டினாலும் அதற்குக் கோபம் வரும், புயல் அடிக்கும்.

1880களில் போர்ட் பிளேரில் அதிகாரியாக இருந்த ஈ. எச். மேன் தென்பகுதிக் கதைகளைக் கேட்டு எழுதினார். அவருடைய புலுகா ஆண். வானத்தில் கல்வீடு, மனைவி, மக்கள் எல்லாம் உண்டு. 1906 முதல் 1908 வரை அந்தமானில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுனுக்கு வடபகுதியினர் சொன்ன பிலிக்குவோ பெண். தென்மேற்குக் காற்றான தாரை அவளுக்குக் கணவன். மேனின் புலுகாவில் சிலர் முழுமுதற் கடவுளைக் கண்டார்கள். அறிஞர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது.

போர்ட் பிளேரில் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் நடத்துகிற எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்தப் பழங்குடிகளின் மொழிகளில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தான். அவற்றின் இலக்கணம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. உடல் உறுப்புகளை ஏழு வகையாக்கி, அந்த வகைகளின் மேல் மொழி முழுவதும் கட்டப்பட்டிருப்பதை மொழியியலாளர் அன்விதா அப்பி விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே அந்த மக்களால் தெய்வத்தின் பாலைத் தொடாமலே நாளெல்லாம் தெய்வத்தைப் பற்றிப் பேச முடிந்தது. கணவனோ மனைவியோ கதைக்குத் தேவைப்பட்டபோதுதான் ஆண், பெண் என்ற பேச்சே வந்தது.

நமக்கு அந்த வசதி இல்லை. ஹாடோ துறையில் நிற்கும் கப்பல் ஆங்கில மாலுமிக்குப் பெண், இந்திக்கும் பிரெஞ்சுக்கும் ஆண், நமக்கு அஃறிணை. கப்பலுக்காக யாரும் சண்டை போடுவதில்லை. பிரெஞ்சில் கடவுள் என்ற சொல் ஆண்பால், தெய்வத்தன்மை என்ற சொல் பெண்பால். ஆங்கிலத்திலோ ஆண் தெய்வத்துக்கு ஒரு பெயர்ச்சொல், பெண் தெய்வத்துக்கு இன்னொன்று. கேள்வி எழும் முன்பே மொழி விடை சொல்லிவிடுகிறது. கடவுள் ஆண் என்று கோடிக்கணக்கானோர் ஐயமில்லாமல் நினைப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

தொல்காப்பியர் இதைக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென்று பால் காட்டும் ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே அவை ஏற்கும் என்கிறார். அப்படியானால் ஆண்மையும் பெண்மையும் நாம் பூட்டுவதுதானே?

பேச்சுத்தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பங்குனி உத்திரத்தில் காவடி எடுத்தவர் ஆடத் தொடங்கினால், "சாமி வந்திருச்சு" என்கிறார்கள். முருகன் ஆண் என்பது அங்கே யாருக்குத் தெரியாது? ஆனாலும் தெய்வம் உடலில் இறங்கும் நொடியில் வாய் அஃறிணைக்குப் போகிறது. மடியில் கிடக்கும் குழந்தையையும் "அது தூங்குது" என்றுதான் சொல்கிறோம். இதை மரியாதைக் குறைவு என்று வகுப்பில் திருத்த எனக்கு மனம் வந்ததே இல்லை. 'வந்தார்' என்பதில் இருக்கும் தூரம் அந்த 'வந்திருச்சு'வில் இல்லை.

அந்தப் பழங்குடி மொழிகளில் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். தெய்வத்தைப் பால் பிரிக்காமல் பேசிய வாய்கள் இந்தத் தீவுகளில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. பிலிக்குவின் கதைகளை மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். தாரையின் மனைவியாக வரும் இடத்தில் 'பிலிக்கு கோபித்தாள்' என்று எழுதுகிறேன். மற்ற இடங்களிலெல்லாம், புயலோடு வரும்போது, 'பிலிக்கு வந்தது'.