காணாத வீட்டின் கணக்கு

ஒரு மனிதனை நேரிற் காணாது, அவனைப் போன்றவர்களைக் கொண்டு அவனைப்பற்றி முடிவுசெய்தால் அதனைத் தப்பெண்ணம் என்கிறோம். ஓர் ஊரின் வீடுகளைப் பெரும்பாலும் காணாது, அதனைப் போன்ற ஊர்களைக் கொண்டு அதன் வருமானத்தை முடிவுசெய்தால் அதனை மதிப்பீடு என்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? ஒன்றல்லவெனின், அவற்றைப் பிரிக்கும் கோடு யாது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் நடைபெறும் கணக்கொன்று இவ்வினாவை வெறும் தத்துவ விசாரமாக விட்டுவைக்கவில்லை.

அந்நாட்டின் மாநிலங்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2020ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஒரு கோடி மக்கள். ரெக்சாஸ் மாநிலத்தின் லவிங் கவுண்டியில் 64 பேர். ஒவ்வொரு கவுண்டியிலும் வீடுகளை வருமானப்படி ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானமே இடையம் எனப்படும். ஒரு கோடீசுவரன் குடிவந்தால் சராசரி துள்ளியெழும். இடையமோ பெரிதும் அசையாது. ஆதலால் சாதாரண மக்களின் நிலையைச் சொல்ல அதுவே தக்கது.

ஆனால் வீடுகள் அனைத்தையும் ஆண்டுதோறும் யார் கேட்பது? 2000ஆம் ஆண்டுவரை, பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் தொகைமதிப்பின்போது ஏறத்தாழ ஆறு வீடுகளுக்கு ஒன்றிடம் வருமானம் கேட்கப்பட்டது. 2005இலிருந்து அதன் இடத்தை ஆண்டாய்வு ஒன்று பெற்றது. இன்று ஆண்டுக்குச் சுமார் 35 இலட்சம் முகவரிகளுக்கு அவ்வாய்வு செல்கிறது. எனினும் 65,000 மக்களேனும் உள்ள இடங்களுக்கே அதன் ஓராண்டு முடிவுகள் வழக்கமாக வெளியாகும். கென்ரக்கி மாநிலத்தின் ஓஸ்லி கவுண்டியில் நாலாயிரத்துச் சொச்சம் பேரே உள்ளனர். அத்தகைய இடங்களின் ஐந்தாண்டு விடைகள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. அக்கலவையில் நல்ல ஆண்டும் பஞ்ச ஆண்டும் முகமிழந்துவிடுகின்றன.

இக்குறையை நீக்கத் தொகைமதிப்புப் பணியகம் வேறொரு வழியையும் கையாளுகிறது. ஆயிரம் பேருக்கும் குறைந்த சிற்றூர்களின் வருமானத்தைக் கணிப்பதற்காக ரொபேட் பே, ரோஜர் ஹெரியட் என்போர் 1979இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. சாட்சிகள் மிகுந்த இடத்தில் ஆய்வின் விடைக்கு அது கூடிய மதிப்பளிக்கும். சாட்சிகள் அருகிய இடத்தில், வருமானவரிப் பத்திரங்கள் முதலிய அரச பதிவேடுகளையும் ஏனைய கவுண்டிகளிற் கண்ட பொதுவிதியையும் துணைகொள்ளும். இதனை வலிமையை இரவல் வாங்குதல் என்பர் புள்ளிவிபரவியலாளர்.

இவ்விரவல் அநீதியா? இதற்கு மாற்று யாது என்று முதலில் நோக்கவேண்டும். மாற்று மௌனமே, அல்லது பழைய கணக்கு. வறிய பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளுக்கான கூட்டரசின் பணம் நெடுங்காலம் பத்தாண்டுத் தொகைமதிப்பைக் கொண்டே பங்கிடப்பட்டது. தொழில் மூடப்பட்டு ஊர் நொடித்தாலும், அடுத்த தொகைமதிப்புவரை ஏட்டில் அது செழிப்புடனேயே இருந்தது. 1994இல் நிறைவேறிய கல்விச் சட்டமொன்று இடைக்கால மதிப்பீடுகளைக் கோரியது இக்காரணத்தாலேயே. கணக்கில் வராத வறுமை பங்கீட்டிலும் வராது. மௌனம் நடுநிலையன்று, அது பழைய பங்குதாரரின் பக்கமே நிற்கும்.

அவ்வாறாயின் இரவற் கணக்கைத் தப்பெண்ணத்திலிருந்து பிரிப்பவை இரண்டு என்போம். ஒன்று, மதிப்பீடு தன் வழு எல்லையைத் தானே சொல்கிறது. மற்றொன்று, சாட்சிகள் பெருகப் பெருக அது தன் முன்முடிவை விட்டுக்கொடுக்கிறது. தப்பெண்ணமோ நூறு சாட்சிகள் வந்தாலும் அசையாது. தான் பிழைபடக்கூடும் என்று ஒருபோதும் சொல்லாது.

ஆயினும் இவ்விரு பண்புகளும் கணக்கரின் ஏட்டோடு நின்றுவிடுவதுண்டு. மேடையேறும்போது வழு எல்லை கழன்றுவிடுகிறது. இரண்டு ஆண்டுகளின் வேறுபாடு வழு எல்லைக்குள் அடங்கியிருப்பினும் 'முன்னேற்றம்' என்று முழங்குவோர் உளர். உண்மையாகவே எண் உயர்ந்தபோதும் மக்கள் உயர்ந்தனர் என்பதற்கில்லை. வாடகை தாங்காது ஏழைகள் வெளியேறச் செல்வர் குடிபுகுந்தால், எவருடைய கூலியும் கூடாமலே இடையம் ஏறும். அந்நாட்டின் வீடமைப்பு உதவிக்கான தகைமை, பிரதேச இடையத்தின் 80 அல்லது 50 சதவீதம் போன்ற எல்லைகளைக் கொண்டு வகுக்கப்படுகிறது. இடையம் ஏறினால், வரிச்சலுகை பெற்றுக் கட்டப்பட்ட குடியிருப்புகளின் உச்ச வாடகையும் ஏறலாம். வெளியேற மாட்டாது எஞ்சிய ஏழை, அயலவனின் செல்வத்துக்காகக் கூடுதல் வாடகை செலுத்துகிறான்.

1999இல் நடுவில் நின்ற வீடும் 2019இல் நடுவில் நின்ற வீடும் ஒரே வீடல்ல. இடத்தின் வரலாற்றை மனிதரின் வரலாறாக வாசிப்பதே இங்கு நிகழும் பெரும் பிழை. ஆகவே, ஓர் ஊரின் வருமானம் உயர்ந்தது என்று எவரேனும் கூறும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: எத்தனை வீடுகளைக் கேட்டீர்கள்? எவ்வளவு தவறக்கூடும்? முன்பு அங்கு வாழ்ந்தோர் இன்று எங்கே? காணாத வீட்டைப்பற்றிப் பேசும் உரிமை, இம்மூன்றுக்கும் விடைசொல்ல ஒருப்படுவோருக்கே உண்டு.