நிசப்தத்தின் இரண்டு பொருள்

ஒரு வீட்டில் சத்தமே இல்லையென்றால், அங்குள்ளவர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்றும் கொள்ளலாம். தெருவில் நின்று கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தச் சங்கடத்தைக் கடலோடிகள் நன்கு அறிவார்கள். நாடு விட்டு நாடு செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், பயணிகள் கப்பல்களும் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும் ஒரு கருவியை வைத்திருக்க வேண்டுமென்ற சர்வதேச விதி, 2004-ஆம் ஆண்டின் இறுதிக்குள் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஓடுகிற கப்பல் தான் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் திசையையும் சில விநாடிகளுக்கு ஒரு முறை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகும். சிறு படகுக்காரர்கள் பலர் அதைக் கேட்கும் கருவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கப்பல்கள் அதன் திரையில் சிறு முக்கோணங்களாகத் தோன்றும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மலைகளுக்கிடையே கடல் நீண்டு நுழைந்து கிடக்கும் அமைதியான நீர்ப்பரப்புகள் பல உண்டு. அப்படி ஓரிடத்தில் ஒருவர் புதுக் கருவியைப் பொருத்தி முடுக்குகிறார். திரையில் ஒன்றுமில்லை. அருகில் கப்பலே இல்லாமல் இருக்கலாம். மலை மறைத்திருக்கலாம், இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. அல்லது, பாய்மரத்தின் உச்சியிலிருந்து வரும் கம்பி எங்கோ அறுந்திருக்கலாம். திரை காரணம் சொல்லாது. “விளக்கு எரிகிறதே!” என்று அவர் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் விளக்கு மின்சாரத்துக்குத்தான் சாட்சி. அலை வந்து சேருவதற்குச் சாட்சியாகாது.

விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? படகை ஓபன் துறைமுகத்துக்குப் பக்கம் கொண்டு போவார். அங்கிருந்து மல் தீவுக்குப் பயணிகள் கப்பல் நாள்தோறும் பல தடவை போய் வருகிறது. அது கிளம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே கப்பல் திரையில் வருகிறதா என்று சிறிது பொறுத்துப் பார்ப்பார். வந்தால் கருவி நலம். வராவிட்டால் கம்பியைச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய கருவியின் நிசப்தத்துக்குத்தான் மதிப்புண்டு.

1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதி உதவிக்குக் கூவியபோது, ‘கலிபோர்னியன்’ என்ற கப்பல் வெகு தொலைவில் இல்லை. அதிலிருந்த கம்பியில்லாத் தந்திக்காரர் ஒருவரே. நாளெல்லாம் உழைத்தபின் கருவியை நிறுத்திவிட்டு அவர் உறங்கப் போயிருந்தார். அவர் அறையில் நிசப்தம். வெளியே நீரில் சுமார் 1,500 பேர் மாண்டார்கள். இரவும் பகலும் காது கொடுக்க ஆள் வேண்டும் என்ற நியதியை 1914-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை வகுத்தது.

மனச்சாட்சி என்று நாம் சொல்வதும் ஒரு கேட்கும் கருவிதானே? “என் மனம் என்னை உறுத்தவில்லை, ஆகவே நான் குற்றமற்றவன்” என்று எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்! உறுத்தாத மனம் தூயதாகவும் இருக்கலாம், மரத்துப் போனதாகவும் இருக்கலாம். சந்தேகமில்லாமல் தவறென்று அறிந்த பழைய செயல் ஒன்றின் அருகே அதைக் கொண்டு போய் நிறுத்திப் பார்க்க வேண்டும். அங்கேயும் அது பேசாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். பிறகு மற்ற இடங்களில் அது காக்கும் மௌனத்தை நம்பிப் பயனில்லை.

சோதனையில் தேறிவிட்டால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. துடுப்புப் படகும் சிறு மீன்பிடி படகும் பெரும்பாலும் எந்த அலையையும் அனுப்புவதில்லை. எவ்வளவு நல்ல கருவியானாலும் அவற்றைக் காட்டாது. கண்ணாலும் காதாலும் காவல் இருக்க வேண்டுமென்று 1972-ஆம் ஆண்டின் கடல் விதிகள் கட்டளையிடுகின்றன.

நம் வீடுகளிலும் குரல் அனுப்பத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பின்கட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்று பெருமைப்படுகிறோம். அவளுக்குக் குறை இல்லையா, சொல்ல வழி இல்லையா என்பதை நம் திரை காட்டாது. எழுந்து போய் அவள் முகத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.