மூச்சு எடுத்த இடம்

ஒரு பாட்டை நினைவில் வைத்திருப்பதும் அதை ரசிப்பதும் ஒரே காரியம்தானா என்ற சந்தேகம் எனக்கு வெகு நாட்களாக உண்டு. இரண்டும் ஒன்று என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நாற்பது வருஷமாக ஒருவன் ஒரு பாட்டை மறக்கவில்லை என்றால் அவன் அதை ஆழ்ந்து ரசித்திருக்கிறான். பாட்டும் காலத்தை ஜெயித்துவிட்டது. ஜெயித்தது பாட்டா, அதைக் கேட்ட காலத்தில் நமக்கிருந்த வயசா என்று யாரும் கேட்பதில்லை.

சந்தேகம் வலுத்தது குமணன்சாவடியில் ஒரு டீக்கடையில். மெட்ரோ தூண்களுக்கு எதிரே உள்ள அந்தக் கடையின் பெஞ்சில் சாயங்காலம் அறுபதைக் கடந்த நாலைந்து பேர் கூடுவார்கள். என் பெரியப்பாவும் அதில் ஒருவர். ஒருநாள் யாரோ கைபேசியில் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' பாட்டைப் போட்டார்கள். 1979இல் வந்த படம். இயக்கம் கே. பாலசந்தர், இசை எம். எஸ். விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன், குரல் எஸ். பி. பாலசுப்ரமணியம். ஓர் இசைக்குழு சிங்கப்பூர் போகிற கதை. கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் குழுவில் இருக்கிறார்கள். மேல்நாட்டு ராக் தாளமும், வரிகளுக்கு நடுவே வெட்டி விழும் பித்தளை வாத்தியங்களும் கொஞ்சமும் கூச்சப்படாமல் தமிழில் வந்து உட்கார்ந்த பாட்டு. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் இதையே மறுபடி கலந்து போட்டார்கள் என்பதால் என் வயதுக்காரர்களுக்கும் இது அந்நியமில்லை.

பாட்டு ஓய்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸாக இருந்தபோது ஸ்டைபெண்டு வாங்கிய அன்றே அந்தப் படத்தைப் பார்த்ததை ஒருவர் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து, கிரீஸ் மணக்கும் சட்டையோடு இரண்டாம் ஆட்டத்துக்கு ஓடியதை இன்னொருவர் சொன்னார். பெரியப்பா தன் முதல் பெல்பாட்டத்தைப் பற்றியும் அதற்காகத் தாத்தாவிடம் வாங்கிய அடியைப் பற்றியும் சொன்னார். எல்லாம் உண்மையான நினைவுகள், கேட்கவும் சந்தோஷமாக இருந்தன. ஆனால் அரைமணி நேரப் பேச்சில் ஒரு வாக்கியம்கூடப் பாட்டைப் பற்றி இல்லை. பாட்டு ஒரு கதவு. அதைத் திறந்துகொண்டு அவரவர் தங்கள் இருபதாவது வயதுக்குள் போய்விட்டார்கள். போனபிறகு கதவை யார் பார்க்கிறார்கள்?

படத்தின் தலைப்பே இந்த மனநிலைக்கு ஒரு சூத்திரம் போல அமைந்துவிட்டது. நினைத்தாலே போதும், இனிக்கும். கேட்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ரசத்துக்கு நேரும் விக்கினங்களைப் பட்டியல் போட்ட அபிநவகுப்தர், ரசிகன் தன் சொந்த சுகதுக்கங்களில் அமிழ்ந்துபோவதையும் அதில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காஷ்மீரத்துச் சிந்தனை. அதன்படி பார்த்தால் டீக்கடையில் நடந்தது ரசனையே அல்ல, ரசனைக்கு இடைஞ்சல். நானும் அன்று அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுந்தேன். விமர்சகனுக்கு இந்த மாதிரித் தீர்ப்புகள் சுலபமாக வாய்க்கின்றன.

ஆனால் கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். பேச்சு தீர்ந்து போன ஒரு இடைவெளியில், பெரியப்பா தன்னை அறியாமல் உதட்டைக் குவித்து ட்ரம்பெட் பகுதியை வாயால் வாசித்தார். மற்றவர் சேர்ந்துகொண்டார். வரிகளில் அவர்களுக்குத் தடுமாற்றம் இருந்தது. ஒரு சரணத்தை இன்னொன்றோடு குழப்பினார்கள். பித்தளை வாத்தியங்கள் வந்து விழும் இடங்களில் மட்டும் நாலு பேரும் ஒரே கணத்தில் விழுந்தார்கள். மனசு தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் வாய் பாட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆகவே ரசனை இல்லை என்ற என் தீர்ப்பு தவறு. ரசனை இருந்தது. அதற்குச் சொல்லும் பெயரும்தான் இல்லை.

பெயர் என்று சொல்வதில்தான் என் கேள்வி இருக்கிறது. "பெரியப்பா, அந்த ட்ரம்பெட் வாசித்தது யார்?" என்று கேட்டேன். "எம். எஸ். வி.தான்" என்றார். "அவர் இசை அமைத்தவர். ஊதினது யார்?" பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாற்பது வருஷத்தில் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதில்லை. எனக்கும் அன்றுதான் தோன்றிற்று.

ட்ரம்பெட் என்ற வாத்தியத்தில் சத்தம் பிறப்பது குழாயில் அல்ல, உதட்டில். ஊதுகிறவனின் உதடுகள் அதிர்ந்தால்தான் ஸ்வரம். மூன்று பொத்தான்களை வைத்துக்கொண்டு மிச்ச வித்தியாசங்கள் அத்தனையையும் உதட்டு இறுக்கத்தாலும் மூச்சாலுமே உண்டாக்க வேண்டும். வீணையில் ஒரு மரமும் கம்பியும் நமக்கும் சத்தத்துக்கும் நடுவே இருக்கின்றன. இங்கே ஒரு மனிதனின் மூச்சு நேராக இசைத்தட்டில் பதிந்திருக்கிறது. டீக்கடையில் நாலு பேர் வாயால் திருப்பி ஊதியது அந்த மூச்சைத்தான். அவர்கள் நினைவில் இத்தனை அந்தரங்கமான இடத்தில் குடியிருக்கும் ஒருவர் அவர்களுக்கு யாரும் இல்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக உண்டு. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் அதை மனப்பாடம் செய்திருக்கிறோம். படைப்பைப் பார், படைத்தவனைப் பார்க்காதே. 1919இல் எலியட் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய அந்தக் கோட்பாடு இந்தப் பக்கங்களிலும் பலமுறை பிரஸ்தாபிக்கப்பட்டதுதான். சுயத்தை விலக்கிய கலையே உயர்ந்தது என்றால், ட்ரம்பெட்காரர் பெயர் இல்லாமல் இருப்பது அவருக்குப் பெருமை அல்லவா? நான் இதை வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். ஒப்புக்கொள்ள முடியவில்லை. துறவு என்பது இருப்பதை விடுவது. சொத்தே இல்லாதவனிடம் நீ துறவி என்று சொல்வது கேலி. எலியட்டின் பெயர் அட்டையில் அச்சாகியிருந்தது. அதன்பிறகுதான் அவர் தன்னை விலக்கிக்கொண்டார். பெயர் சொல்லப்படாதவனுடைய பெயரின்மை ஒரு அழகியல் நிலை அல்ல. அது அவனுக்கு நேர்ந்த ஒன்று. நாம் அதை அழகியல் என்று அழைப்பது நம் சௌகரியத்துக்காக.

இது சினிமாவின் நிர்ப்பந்தம், ராக் இசையின் நியதி என்றும் சொல்லலாம். அதுவும் முழுக்க வாஸ்தவமில்லை. 1967இல் சிகாகோ நகரில் ஆரம்பித்து பிற்பாடு அந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்ட குழுவில் ட்ரம்பெட் லீ லாக்னேன், ட்ராம்போன் ஜேம்ஸ் பாங்கோ, ஸாக்ஸபோன் வால்டர் பாரஸைடர். கிடார்காரருக்குச் சமமாகக் குழுவை நிறுவியவர்கள் இவர்கள். 1970களின் பித்தளை ராக் பாட்டுகளை நேசிக்கும் ஒரு அமெரிக்க ரசிகனுக்கு யார் எந்த வாத்தியம் என்று தெரியும். உடனே மேற்கு உயர்த்தி என்று முடிவு கட்ட வேண்டாம். அதே நாட்டில் மோடவுன் கம்பெனியின் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு வாசித்த நிலையக் கலைஞர்களின் பெயர், 1971இல் மார்வின் கேயின் ஒரு இசைத்தட்டு வரும்வரை உறைகளில் அச்சாகவில்லை. எனவே பிரச்சனை கிழக்கு மேற்கு அல்ல. யார் சொந்தக்காரர், யார் கூலிக்காரர் என்பது.

நம்மிடமும் ஒருமுறை வேறுமாதிரி நடந்திருக்கிறது. 1964இல் ஏவி.எம்.மின் 'சர்வர் சுந்தரம்'. அதில் 'அவளுக்கென்ன' பாட்டின் ஒலிப்பதிவையே காட்சியாக்கியிருக்கிறார்கள். டி. எம். சௌந்தரராஜன் பாடுகிறார், விஸ்வநாதன் கையை வீசி வாத்தியக்காரர்களை நடத்துகிறார், வாசிக்கிற முகங்கள் திரையில் வந்து போகின்றன. பெயர் இல்லை, ஆனாலும் முகம் இருந்தது. பதினைந்து வருஷம் கழித்து ஓர் இசைக்குழுவைப் பற்றியே படம் எடுத்தபோது மேடையில் வாத்தியங்களோடு நின்றவர்கள் நடிகர்கள். அது கதை, அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் இசைக்குழு என்றால் நம் நினைவில் நிற்கும் முகங்கள் வாசிக்காதவர்களுடையவை என்று ஆகிவிட்டது. 1994இல் 'டூயட்' வந்தபோது ஸாக்ஸபோன் வாசித்தவர் கத்ரி கோபால்நாத் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அவர் கச்சேரி மேடையில் ஏற்கனவே பெயர் உள்ளவர். பெயர் பெயரிடம்தான் போய்ச் சேருகிறது.

சட்டமும் இதில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது நிகழ்த்துகிறவனுக்குத் தார்மீக உரிமை கொடுத்தார்கள். தன் பெயரால் அறியப்படும் உரிமை அதில் முதலாவது. அதே திருத்தம் சினிமாவைப் பற்றி ஒரு விலக்கையும் சேர்த்தது. ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதும் இல்லையென்றால், அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். தன் நிகழ்த்துதலைச் சிதைப்பதை ஆட்சேபிக்க மட்டும் அவருக்கு இடம் உண்டு. இந்த விலக்கு ட்ரம்பெட்காரரைச் சேருமா என்பதை வக்கீல்கள் வாதிக்கட்டும். அதன் தர்க்கத்தைத்தான் நான் பார்க்கிறேன். வழக்கமாகப் பெயர் சொல்வதில்லை என்பது, பெயர் கேட்கத் தகுதி இல்லை என்பதற்கு ஒரு காரணமாகிறது. டீக்கடையில் நாங்கள் செய்ததும் இதைத்தான். சட்டம் அதை எழுத்தில் செய்தது.

சில வாரங்கள் கழித்து எங்கள் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம். பேண்ட் செட் வைத்திருந்தார்கள். ஜரிகை வைத்த சிவப்புச் சட்டை, தோளில் உதிர்ந்துபோன குஞ்சம். முன்னால் நின்ற பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். தேய்ந்து பழுப்பேறிய ட்ரம்பெட். பையன்கள் புதுப்பாட்டுக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவராகவே 'எங்கேயும் எப்போதும்' எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதற்காகப் பேரம் பேசிய இடைவெளியில் அவர் ஓரமாக வந்து தண்ணீர் குடித்தார். போய்க் கேட்டேன்.

"அண்ணே, அந்தப் பாட்டை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"கேசட்டுதான் சார். தேயத் தேயக் கேட்டு."

"ஒரிஜினல்ல வாசிச்சது யாருன்னு தெரியுமா?"

"பேரு தெரியாது சார்." தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "ஆனா எங்க மூச்சு எடுத்தாருன்னு தெரியும். அந்த எடத்துல நானும் எடுத்தாத்தான் மேல போக முடியும். வேற எடத்துல எடுத்துப் பாத்தேன், வரல."

எனக்குப் பேச்சு எழவில்லை. டீக்கடைக்காரர்கள் பாட்டின் வழியாகத் தங்களிடம் போனார்கள். நான் பாட்டின் வழியாகக் கோட்பாட்டிடம் போனேன். இந்த மனிதர் ஒருவர்தான் பாட்டின் வழியாக அதை ஊதியவரிடம் போயிருக்கிறார், தன் நெஞ்சுக் கூட்டை அவர் நெஞ்சுக் கூட்டின் அளவுக்கு மாற்றி மாற்றிப் பார்த்து. ரசனை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இனி இதைத்தான் சொல்லுவேன்: இன்னொருவர் எங்கே மூச்சு எடுத்தார் என்று தெரிந்துகொள்வது. இதற்குப் பெயர் தேவையில்லை என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பெயர் தெரியாத ஒருவருக்காக ஒரு மாதமாக வாதாடிக்கொண்டிருந்தவன், எதிரே நின்றவரின் பெயரைக் கேட்காமல் வந்திருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் குற்றச்சாட்டுகளில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் புறநானூற்றுக் குமணன் ஞாபகம் வராமல் போவதில்லை. கொடுத்தவன் பெயர் நிலைத்தது, பெருந்தலைச் சாத்தனாரும் பெருஞ்சித்திரனாரும் பாடியதால். பாடியவர்கள் பெயரும் நிலைத்தது, தொகுத்தவர்கள் அதைக் குறித்து வைத்ததால். அந்தத் தொகுத்தவர்களுக்குச் சில கவிஞர்களின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டில் இருந்த ஒரு படிமத்தை எடுத்து அதையே பெயராக வைத்தார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், விட்டகுதிரையார். ஒவ்வொன்றின் முடிவிலும் மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்தார்கள். இது நூலடைவு செய்கிறவனின் வசதி மட்டும் அல்ல. இங்கே ஒருவர் இருந்தார், எங்களுக்குப் பெயர் தெரியவில்லை, அது எங்கள் குறை என்ற ஒப்புதல் அந்த விகுதியில் இருக்கிறது.

ரசிகனிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது, இதற்குக் குறைவாகவும் கூடாது. நினைவு இனிக்கட்டும். அந்த இனிப்புக்கு யாரோ ஒருவருடைய மூச்சு செலவாகியிருக்கிறது என்பது கடன். கடனைத் தீர்க்க வழியில்லாதபோதும் கணக்கில் எழுதி வைப்பதுதான் யோக்கியமான நடைமுறை. பாங்கில் வேலை செய்பவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முந்தாநாள் டீக்கடையில் பெரியப்பா மறுபடி அந்தப் பாட்டைப் போட்டார். பித்தளை வரும் இடத்தில் உதட்டைக் குவித்தவர் சட்டென்று நிறுத்தி, "ஆமா, அவர் யாரோ" என்றார். அவன் என்று சொல்லவில்லை.