சரண்டர் பணமும் லாக்கர் சாவியும்

2025 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பழைய கேள்வி ஒன்று மறுபடியும் காதில் விழத் தொடங்கியது: "சரண்டர் போட்டாச்சா?" கொரோனா வந்த 2020 ஏப்ரலில் நிறுத்தி வைக்கப்பட்ட ஈட்டிய விடுப்புச் சரண்டர், ஐந்து ஆண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு திரும்ப வந்திருந்தது. ஆண்டுக்கு 15 நாள் விடுப்பை அரசிடமே ஒப்படைத்துவிட்டு, அந்த நாள்களுக்குரிய சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ அரை மாதச் சம்பளம். மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் தொகைக்கு, விழுந்த அன்றே வீட்டுக் கடன், பால்காரர், பள்ளி வேன், மளிகைக் கடை என்று சொந்தக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். சரண்டர் பணத்துக்கு அப்படி யாரும் இல்லை. அதனாலேயே அதைச் சுற்றி வீட்டில் ஆளுக்கொரு திட்டம் முளைக்கிறது.

ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டில் இந்த இடத்தில் தீபாவளி போனஸ் இருக்கும். சட்டம் அதற்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. எந்தப் பெயரில் வந்தாலும் வீட்டில் நடக்கும் பேச்சு ஒன்றுதான். தாத்தா ஒரு கிராமாவது தங்கக் காசு வாங்கிப் போடச் சொல்வார். அப்பாவுக்கு வண்டியின் தேய்ந்த டயர் நினைவுக்கு வரும். அம்மா மிக்ஸி ஜாரைச் சொல்வாள். தனக்கென்று கேட்கச் சொன்னாலும் வீட்டுக்குத்தான் கேட்பாள். பிள்ளைகள் இடையில் புகுந்து தீம் பார்க் என்பார்கள். "எங்க கிளாஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்கப்பா."

எல்லா ரூபாயும் ஒரே ரூபாய்தான் என்றாலும் மனம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயரை எழுதி வைத்துக்கொள்கிறது; இதை விரிவாக ஆராய்ந்தவர் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரிசிப் பானைக்குள் சிறுவாடு சேர்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கூடுதலாக வந்த காசு கைக்குள் நிற்காது என்ற எச்சரிக்கையும் சரியானதே. வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கடன் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த மருத்துவச் செலவு இருந்தால் அதற்குத்தான் முதல் உரிமை. இவை போக ஒரு பங்கு மிஞ்சுமானால், அதைப் பிள்ளைகள் கேட்கும் இடத்திலேயே, ஒரு முழு நாளாகச் செலவிடுங்கள் என்றே நான் சொல்வேன். தங்கம் வாங்கச் சொல்பவரைக் குறைவாக மதித்து இதைச் சொல்லவில்லை. இந்தப் பணம் எதிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

சரண்டர், நாள்களை விற்று வந்த பணம். ஒரு நாள் விடுப்பு எவ்வளவு உழைப்பிலிருந்து கிடைக்கிறது என்று பார்க்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த கணக்கே போதும்: 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. அப்படிச் சேர்ந்த நாள்களில் பதினைந்தை எடுக்காமல் விட்டுவிட்டுத்தான் காசாக்குகிறோம். எடுத்திருந்தால் அந்த நாள்கள் எங்கே போயிருக்கும்? பிள்ளையின் ஆண்டு விழாவுக்கு ஒன்று, மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்று, ஊரில் கொடைக்கு இரண்டு. அந்த நேரங்களில் எல்லாம் அலுவலகத்தில் இருந்தோம். வீட்டில் இருப்பவர்கள் நாம் இல்லாமலே சமாளித்தார்கள். அந்தச் சமாளிப்புக்கு வந்த விலைதான் சரண்டர் பணம். கையெழுத்துப் போட்டு வாங்குபவர் ஒருவராக இருக்கலாம். கொடுத்தவர்கள் வீட்டில் உள்ள எல்லோரும்.

அந்தக் காசில் தீம் பார்க்கா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது இரும்பும் தண்ணீரும் இரைச்சலுமாகத் தெரியும். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாகக் குடும்பம் குடும்பமாக ராட்டினம் ஏறுவது நமக்கு அன்னியமானதா என்ன? மதுரைத் தமுக்கம் மைதானத்தின் சித்திரைப் பொருட்காட்சி, சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி, முகம் மறைக்கும் அகலத்துக்கு டெல்லி அப்பளம், மரணக் கிணற்றில் சுற்றும் மோட்டார் சைக்கிள் எல்லாம் நம்முடையவைதான். தவணை முறையில் பொருள் விற்று வளர்ந்த வி.ஜி.பி. குடும்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைத்த கோல்டன் பீச்சுக்குப் போய், அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பாடுபட்ட தலைமுறை இன்று பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு போகிறது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை 1984-இல் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் 1995-இல் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தாவைத் திறந்தார். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து பிளாக் தண்டர், மதுரைப் பரவையில் அதிசயம் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கோடை விடுமுறையின் ஒரு பெயர் இருக்கிறது. இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் வண்டர்லாவும் வந்துவிட்டது.

பிள்ளைகள் அங்கே பெறுவது எது என்பதை உயரம் அளக்கும் கம்பத்தின் அருகில் நின்றால் பார்க்கலாம். பல பூங்காக்களில் அரை டிக்கெட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். பெரிய ராட்டினங்களின் வாசலிலும் ஒரு கோடு உண்டு. போன முறை அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று திரும்பிய பையன் இந்த முறை முதுகை நிமிர்த்தி, குதிகாலைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து நிற்கிறான். ஊழியர் தலையசைத்து உள்ளே விடுகிறார். அவன் ஓடிப்போய் இருக்கையில் உட்காரவில்லை. முதலில் திரும்பி அப்பா பார்த்தாரா என்று பார்க்கிறான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல அப்பா அங்கே இருக்க வேண்டும். போன வருஷம் விற்ற நாள்களில் இப்படி எத்தனை முறை திரும்பிப் பார்த்தானோ!

தீம் பார்க்கின் பிறப்பிலேயே இந்தப் பார்வை இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவில் வால்ட் டிஸ்னியின் இரண்டு மகள்களும் குதிரை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர் பக்கத்து பெஞ்சில் வேர்க்கடலை கொறித்தபடி உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெற்றோருக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லையே, இருவரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அந்த பெஞ்சில்தான் தோன்றியது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி உள்ளே கூட்டிப்போவதற்காகக் கட்டிய இடம் அது.

நம் பூங்காக்களில் அந்த பெஞ்ச் காலியாகவில்லை. எந்த நாளில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பாருங்கள். தண்ணீர்ச் சறுக்கல்கள் முடியும் இடத்தில், குளத்துக்கு எதிரே, நிழல் இருக்கும் பக்கமாக வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றிப் பைகள். குடும்பத்தின் செருப்புகள் ஜோடி ஜோடியாக. மடியில் எல்லோருடைய செல்போன்களும், கணவரின் கைக்கடிகாரமும், ஒருவர் மூக்குக் கண்ணாடியும். ஒரு கையில் துண்டு. ஈரத்தோடு ஓடி வரும் பிள்ளையின் தலையைத் துவட்டி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, மறுபடி அனுப்பி வைத்துவிட்டு அவர்கள் திரும்பவும் அதே இடத்தில் உட்காருகிறார்கள். நுழைவுச்சீட்டு அவர்களுக்கும் முழுக் கட்டணம்தான். காலையில் வந்ததிலிருந்து அவர்கள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது.

"நீங்களும் இறங்கலாமேக்கா" என்றால், "யாராவது ஒருத்தர் பையைப் பாத்துக்கணும்ல" என்பார்கள். அந்த யாராவது ஒருத்தர் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. அது கல்யாண வீட்டில் நடக்கிறது, ரயில் நிலையத்தில் நடக்கிறது, கோயில் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நடக்கிறது. அவர்களைக் கேட்டால் குறையாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் சிரிப்பதைப் பார்ப்பதே போதும் என்பார்கள். உண்மையாகவே சொல்கிறார்கள் என்றும் நம்புகிறேன். ஆனால் போதும் என்று ஒருவர் சொல்வதை நாம் எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறோம்!

இப்போது விடுப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்ப்போம். அதில் ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு எந்த அலுவலகத்தில் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது? 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கென ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் உழைத்தார்கள். வீட்டுவேலையில் கைகொடுக்கும் ஆண்கள் 97 நிமிடம். அலுவலகம் போகும் பெண்ணுக்கும் இந்த நிமிடங்கள் மன்னிக்கப்படுவதில்லை. அவளுடைய சரண்டர் ஒரு வேலைக்கு மட்டும்தான் பொருந்தும், இன்னொரு வேலைக்கு விடுப்பே கிடையாது. விடுப்பு இருந்தால் அல்லவா அதை விற்க முடியும்! குடும்பத்தில் ஒருவர் பதினைந்து நாளை விற்றுக் காசாக்கும்போது, அதே குடும்பத்தில் இன்னொருவரின் 365 நாளும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகின்றன. கடனும் மருத்துவமும் போக மிஞ்சும் தொகையில் முதல் உரிமை அந்த ஏறாத கணக்குக்கு உண்டு.

இந்த இடத்துக்கு வந்த பிறகு, தீம் பார்க்கில் பணத்தை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் வரிசையில் நிற்காமல் போக விரைவு டிக்கெட் வாங்கத்தான் தோன்றும். வாங்க வேண்டாம் என்பேன். வரிசை வீணான நேரம் இல்லை. கைபேசி இல்லாமல், வீட்டுப்பாடம் பற்றிய கேள்வி இல்லாமல், மகளும் அப்பாவும் தோளோடு தோள் நின்று பேசுவதற்கு வேறு எங்கே முக்கால் மணி நேரம் கிடைக்கும்? மேலே சுழன்றுகொண்டிருக்கும் ராட்டினத்தைப் பார்த்து இரண்டு பேரும் சமமாகப் பயப்படும் நேரம் அது. அதைக் காசு கொடுத்துக் குறைக்கலாமா?

அந்தக் காசை லாக்கருக்குக் கொடுங்கள். நுழைந்த உடனே, முதல் வேலையாக. குடும்பத்தில் பாதிப்பேர் அது தண்டச்செலவு என்பார்கள், அம்மாதான் இருக்கிறாளே என்பார்கள். அம்மா இருப்பதனால்தான் லாக்கர் வேண்டும். பைகள் உள்ளே போய்க் கதவு சாத்தி, சாவி மணிக்கட்டில் ஏறிய பிறகு அவள் கை இரண்டும் காலியாக இருக்கின்றன. அடுத்தது உடை. சேலையோடும் பருத்திச் சுடிதாரோடும் தண்ணீர் விளையாட்டுகளில் இறங்க விட மாட்டார்கள். நைலான் உடை வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் வாரமே வாங்கி வைத்திருப்போம், அவளுக்கு யாரும் யோசித்திருக்க மாட்டோம். முழங்கை, முழங்கால் மறையும்படி அவளுக்குக் கூச்சமில்லாத ஒன்றை முன்கூட்டியே வாங்குங்கள், அவள் அளவில், அவளுக்குப் பிடித்த நிறத்தில். மூன்றாவது சாப்பாடு. உள்ளே விலை அதிகம்தான். ஆனால் புளியோதரை கட்டிக்கொண்டு போவது என்றால் அவள் நான்கு மணிக்கு எழ வேண்டும். எல்லோரும் உற்சாகமாகக் கிளம்பும் ஏழு மணிக்கு அவளுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். தட்டின் விலையோடு அவளுடைய மூன்று மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது விலை அதிகமாகத் தெரியாது. கடைசியாக, திரும்பி வந்த மறுநாள். ஈரத் துணி மூட்டையை அன்று துவைப்பது யார் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்ற நாளை எந்தப் பணமும் திரும்ப வாங்கித் தராது. பணத்தால் செய்ய முடிவதெல்லாம் ஒருவர் சுமந்திருப்பதை இறக்கி வைப்பதுதான். அதற்குப் பிறகு கையைப் பிடித்து எழுப்புவது நம் வேலை. எழுப்பினாலும் அவள் உடனே வந்துவிட மாட்டாள். "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்ற வார்த்தை பல ஆண்டுகளாக நாக்கில் பழகியது. இரண்டு மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கும். பிள்ளைகள் கூப்பிட்டால் சீக்கிரம் வருவாள்.

சென்னைக்கு அருகில் ஒரு பூங்காவின் அலைக்குளத்தில் அறுபதை ஒட்டிய ஓர் அம்மாவைப் பார்த்தேன். தாலிக்கொடியை உடைக்குள் செருகியிருந்தார். ஒரு பக்கம் மகன், மறுபக்கம் மருமகள். சங்கு ஊதியது, முதல் அலை வந்தது, அவர் போட்ட கத்தலில் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அலை ஓய்ந்ததும் மகன் கரைக்குக் கூட்டிப்போகத் திரும்பினார். அந்த அம்மா கையை உதறிக்கொண்டு, தண்ணீர் வழியும் முகத்தோடு, காவலுக்கு நின்ற இளைஞரிடமே நேராகக் கேட்டார்: "தம்பி, அடுத்த அலை எத்தனை மணிக்கு?"